பதினெட்டு அடி

உங்களில் அநேகர் எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர்கள். ஏன் வந்தீர்கள் என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. நாங்கள் எழுபத்து நான்கிலேயே மெல்பேர்னுக்கு வந்துவிட்டோம். அப்பாவுக்கு ரெயில்வேயில் வரைபடம் வரைகிற வேலை கிடைத்தது, அதனால் வந்தோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லி அம்மா ஒரு வருடமாக அப்பாவை நெருக்கினார் என்பது எனக்குத் தெரியும். ஏன் நெருக்கினார் என்று நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

டண்டினோங்கில் இப்போது தோசைக்கு வரிசையில் நிற்கிறோம். அன்று எங்கள் தெருவில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். பச்சைத் தேங்காயைக் கண்ணால் காண்பது அரிது. பெட்டியில் வருகிற உலர்ந்த தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்து அம்மா சம்பல் இடிப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கு மீற்றரும் சென்ரிமீற்றரும் படிப்பித்தார்கள். வீட்டில் அப்பா அடிக்கணக்கிலேயே இருந்தார். ஞாயிறு காலையில் அவர் என்னைக் குசினி மேசையில் இருத்தித் தமிழ் இலக்கணம் சொல்லித்தருவார். உயர்திணை, அஃறிணை. மனிதர் வந்தார்கள், மாடு வந்தது. பிழைவிட்டால் மேசையில் பென்சிலால் தட்டுவார். எனக்கு அது நன்றாக வந்தது. பிழை பிடிப்பதில் ஒரு கெட்ட ஆசையும் வந்தது.

அடுத்த வீட்டு வெள்ளைக்கார அங்கிள் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். கைகள் முழுக்கச் செம்புள்ளிகள். வெயிலோ குளிரோ கையில்லாத பெனியன்தான். அவருக்கு அம்பும் வில்லும் கொண்டு மான் வேட்டையாடுவதில் பைத்தியம். துவக்கு வைத்துச் சுடுவதை அவர் மதிப்பதேயில்லை. பின்வளவில் வைக்கோல் கட்டொன்றை நிறுத்தி மாலையில் பயிற்சி செய்வார். வேலியில் ஒரு பலகை கழன்றிருந்தது. அதற்குள்ளால் நுழைந்து அம்புகளைப் பொறுக்கிக் கொடுக்கிற வேலை எனக்கு. அம்பின் வாலில் உண்மையான வான்கோழி இறகு. அதைக் கன்னத்தில் தடவிப் பார்ப்பேன். வில்லுக்கு அவர் பூசிய மெழுகின் மணம் என் விரல்களில் அடுத்த நாளும் இருக்கும். அப்படியொரு வில்லை நான் பிறகு எந்தக் கடையிலும் காணவில்லை. பழுப்பு மரமும் கண்ணாடிநாரும் சேர்த்து ஒட்டியது, நுனிகள் இரண்டும் முன்பக்கமாக வளைந்திருக்கும்.

ஒருநாள் அவர் வேலிக்கு மேலால் செய்தித்தாளில் சுற்றிய இறைச்சிப் பொதி ஒன்றை நீட்டினார். அம்மா குசினியில் அதைப் பிரித்து, குனிந்து மணந்து பார்த்தார்.

“மரை,” என்றார்.

தமிழ்நாட்டில் கடமான் என்பார்கள். எங்களுக்கு அது மரை. அப்பா யாழ்ப்பாணத்தை விட்டு அதிகம் அசையாதவர். மரையை அவர் கண்டதே இல்லை.

“உமக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டார்.

“ஐயா பொலன்னறுவையிலை வேலை செய்யேக்கை கனதரம் சமைச்சிருக்கிறன்.”

ஐயா என்றது தன் தகப்பனாரை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. மிளகும் கறுவாவும் நிறையப் போட்டு அம்மா அன்று காய்ச்சிய கறியை அங்கிளும் அன்ரியும் வந்து சாப்பிட்டார்கள். அங்கிளுக்கு மூக்கு ஒழுகியது, கழுத்து சிவந்தது, ஆனாலும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். இந்த மரைகளின் பாட்டன் பூட்டன்களை நூறு வருடத்துக்கு முன்னர் உங்கள் இலங்கையிலிருந்துதான் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள் என்று அவர் சொன்னதும் அப்பாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

“பார்த்தீரோ, எங்களுக்கு முதலே விசா எடுத்து வந்திட்டினம்!” என்று அம்மாவிடம் சொன்னார்.

மனிதருக்குச் சொல்வதுபோல மரைக்கு ‘வந்திட்டினம்’ என்று அப்பாவே சொன்னது எனக்குப் பெரிய பகிடியாக இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்படித்தான் அப்பாவுக்கும் அங்கிளுக்கும் நட்பு பிடித்தது. அப்பாவின் முதல் வெள்ளைக்காரச் சிநேகிதர். அதைக் கெடுத்துவிடக்கூடாது என்று அப்பா எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது இப்போது நினைத்தால் தெரிகிறது. அங்கிளின் பகிடிகளுக்கு அரை விநாடி முந்தியே சிரிப்பார். அவர் முன்னால் குரலை உயர்த்தவே மாட்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் அங்கிள் மரத்தில் ஒரு பரண் கட்டத் திட்டமிட்டார். அவருடைய தமையனுக்கு ஜிப்ஸ்லாண்ட் பக்கம் ஒரு மாட்டுப்பண்ணை இருந்தது. அதன் பின்பக்கம் காடு. மரைகள் பின்னேரங்களில் காட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையால் இறங்கிப் புல்மேய வரும். பாதையோரம் ஒரு மரத்தில் பலகைத்தட்டு ஒன்றைச் சங்கிலியால் இறுக்கி, அதில் இருந்து எய்வது என்று யோசனை. தட்டைக் கராஜில் அவரே செய்தார். இரும்புக் கோணத்தை அவர் தீப்பொறி பறக்க ஒட்டும்போது பார்க்கக்கூடாது என்று என்னைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்துவார். தட்டு முடிந்துவிட்டது. எத்தனை அடி உயரத்தில் கட்டுவது என்பதுதான் முடியாத கதையாக இருந்தது.

எனக்கு அங்கிள் அதைக் கராஜ் கூரையில் ஏறி நின்று விளக்கினார். கீழே ஒரு சாக்கில் பழந்துணி அடைத்துக் கிடத்தியிருந்தார். அவர் எய்த அம்பு சாக்குக்குள் ஏறக்குறைய நேர் கீழாக இறங்கி நின்றது.

“பார், மிக உயரத்தில் இருந்தால் இப்படித்தான்,” என்றார். “ஒரு நுரையீரலில் மட்டும் படும். மற்றதைக் கொண்டு அது ஓடிவிடும். எங்கேயோ விழுந்து இரண்டு நாள் கிடந்து சாகும். எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. இனி அப்படி நடக்க விடமாட்டேன்.”

“அப்ப பதிவாய், கீழை கட்டுங்கோவன்,” என்றேன் நான், ஆங்கிலத்தில்.

“பதிவாய் இருந்தால் என்னைக் கண்டுவிடும். மோப்பமும் பிடித்துவிடும்.”

அப்பா வேலையிலிருந்து வரைபடத்தாள் கொண்டுவந்தார். குசினி மேசையில் மரம், மரை, அம்பு எல்லாவற்றையும் கோடுகளாக்கி, கோணம் பார்த்து, பன்னிரண்டரை அடி என்று முடிவுசெய்தார். அங்கிள் பத்து என்றார். இருவரும் அந்த இரண்டரை அடிக்காக ஒரு கிழமை வாதாடினார்கள். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஒருமுறை அவர் தாளை நின்று பார்த்தது எனக்கு ஞாபகம். மரத்தில் அப்பா ஒரு சிறிய மனித உருவம் கீறியிருந்தார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையைச் சரியாக அந்த உருவத்தின்மேல் வைத்தார். அப்பா கோபப்பட்டு, கறையைத் துடைத்தார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பண்ணைக்குப் போனோம். அங்கிளுடைய யூட் என்கிற சின்ன லொறியில் பலகையும் ஏணியும். பின்னால் எங்கள் காரில் நாங்கள். அன்ரி வரவில்லை. அம்மா வருவார் என்று நானும் அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. ரொட்டி சுட்டு, சம்பலைப் போத்தலில் அடைத்து, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, காய்ந்த இலை நிறத்துச் சேலைக்குமேல் கம்பளிச் சட்டையும் கன்வஸ் சப்பாத்தும் போட்டுக்கொண்டு காரில் முதல் ஆளாக ஏறியிருந்தார்.

இடம் ஒரு சிற்றோடைப் பள்ளம். ஈரமண், பன்னச்செடி, எங்கோ ஒரு பறவை சாட்டையைச் சொடுக்குவதுபோலக் கூவியது. அங்கிள் தேர்ந்த மரத்தைப் பிளக்வூட் என்றார். மற்ற மரங்களைப்போல வெள்ளை வெளேரென்று நெடுத்து நிற்காமல், கொப்பும் கிளையுமாக, அடர்ந்த இலையோடு ஊர் மரம் மாதிரி இருந்தது. அம்மா பாயை விரித்துச் சற்றுத் தள்ளி இருந்தார்.

உயரத்தைத் தீர்மானிக்க அங்கிள் ஒரு வழி வைத்திருந்தார். அப்பா ஏணியில் ஏறி மரத்தோடு ஒட்டி நிற்கவேண்டும். நான்தான் மரை. முதுகை வளைத்து, தலையை மரையின் உயரத்துக்குக் குனிந்துகொண்டு, பாதை வழியே மெல்ல நடந்து வரவேண்டும். அப்பாவைக் கண்ட இடத்தில் சத்தம் போடவேண்டும். அங்கிள் தோளில் வில்லும் இடுப்பில் கத்தியுமாக அடிமரத்தில் நின்று அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதைவிடச் சந்தோஷமான விளையாட்டு வேறு இருந்திருக்க முடியாது.

பத்தடியில் அப்பாவைத் தூரத்திலேயே கண்டுபிடித்தேன்.

“கண்டிட்டன்! கண்டிட்டன்! இந்தா இருக்கிறார்!”

பன்னிரண்டரையில் அவருடைய சப்பாத்து தெரிந்தது. “இந்தா இருக்கிறார்!” என்று இன்னும் பலமாகக் கத்திக்கொண்டு ஓடினேன்.

அப்பா சிரித்தார். அங்கிள் சிரித்தார். அப்போதுதான் அம்மா பாயை விட்டு எழும்பினார்.

“பத்தடியிலை காணுவாங்கள்,” என்றார். “பன்னிரண்டிலையும் காணுவாங்கள். பதினெட்டடிக்குப் போங்கோ. பதினெட்டிலை காணமாட்டாங்கள்.”

நான் பாய்ந்து பிடித்தேன். “அம்மா, மரை காணுவாங்களோ? மரை காணும்! காணுவாங்கள் எண்டால் ஆக்கள்!”

அப்பா ஏணியில் நின்றபடி, “சரியாய்ப் பிடிச்சிட்டாய், பிள்ளை,” என்று கைதட்டினார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நேராக வந்தார். ஏணியைப் பிடித்து, அப்பாவைப் பார்த்து, “இறங்குங்கோ,” என்றார். அப்பா இறங்கினார். அம்மா சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். ஏணி முடிந்த பிறகும் ஏறினார். ஒரு கொப்பைக் கையால் அசைத்துப் பார்த்து, காலை வைத்து, அடுத்ததற்குத் தாவி, இலைக்குள் போய்விட்டார். கடைக்குப் போவதென்றாலும் அப்பாவுக்கு ஓரடி பின்னால் நடக்கிறவர் என் அம்மா. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அங்கிள் சீட்டியடித்து, “இந்தப் பெண்ணைப் பாரேன்!” என்றார்.

“பிள்ளை, நடந்து பார்,” என்றார் அப்பா, இன்னும் பாதிச் சிரிப்போடு.

நான் பாதையின் தொடக்கத்துக்குப் போய், குனிந்து நடந்து வந்தேன். அடிமரம் வரைக்கும் வந்தேன். அம்மாவைக் காணவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், காணவில்லை. சுற்றிவந்து பார்த்தேன். இலையும் கொப்பும்தான். அவர் அங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அங்கே அவர் இல்லை.

“அம்மா!”

பதில் இல்லை.

“அம்மா, நீங்கள் வெண்டிட்டியள், இறங்கி வாங்கோ!”

பதில் இல்லை. அப்பா கூப்பிட்டார். அதற்கும் இல்லை. நேரம் போனது. அங்கிளுக்கு அது உயரத்தைக் கண்ட பயம் என்று பட்டிருக்கவேண்டும். ஏணியில் இரண்டு படி ஏறி, வில் தோளில் கிடக்க, மேலே அண்ணாந்து, குழந்தையைக் கூப்பிடுகிற குரலில், “பயப்படாதே, இறங்கி வா, நான் பிடிக்கிறேன்,” என்றார்.

அப்போது மேலிருந்து குரல் வந்தது. அது அம்மாவின் குரல்தான், ஆனால் எங்களோடு பேசவில்லை. மெல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு, அவசரமாக.

“அண்ணை, மேலை வா. மேலை வா அண்ணை. இறங்காதை. அண்ணை, இறங்காதை.”

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அம்மாவுக்கு ஒரு தமையன் இருந்தார், கலியாணத்துக்கு முன்னரே காய்ச்சலில் இறந்துபோனார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைவிட எதுவும் தெரியாது. அப்பா மேலே பார்த்தார். பிறகு ஏணியில் நிற்கிற அங்கிளைப் பார்த்தார். வில்லைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார்.

“தள்ளிப் போ!” என்று ஆங்கிலத்தில் கத்தினார். “மரத்தை விட்டுப் போ! போ!”

அப்படியொரு சத்தம் அவரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அங்கிளுக்கும் தெரியாது. அவர் இறங்கி, முகம் செத்துப்போய், வில்லைத் தோளிலிருந்து கழற்றிப் புல்லில் போட்டுவிட்டுப் பின்னால் பின்னால் போனார். வேலி வரைக்கும் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அப்பா ஏணியில் ஏறினார். பத்தடிக்கு வந்ததும் மேலே அம்மா கிறீச்சிட்டார்.

“அதிலை நிக்காதேங்கோ! மேலை வாங்கோ, அதிலை நிக்காதேங்கோ!”

அப்பா மேலே போனார். இருவரும் இலைக்குள் மறைந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் கீழே நின்று என் சப்பாத்து நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஏதோ செய்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. பிழை பிடித்ததுதான் குற்றம் என்று நினைத்தேன்.

அவர்கள் இறங்கியதும் அம்மா பாயில் இருந்து தேத்தண்ணி குடித்தார். என்னைத் தூர அனுப்ப அப்பா பார்த்தார். “இருக்கட்டும்,” என்றார் அம்மா. ரொட்டியைப் பிய்த்து என் கையில் தந்துவிட்டுச் சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

“ஐம்பத்தெட்டுக் கலவரம். தமிழ் ஆக்களைத் தேடித் தேடி வெட்டினாங்கள். ஐயாவும் அம்மாவும் ஊருக்குப் போயிட்டினம். குவாட்டஸிலை நானும் அண்ணையும் மட்டும். பொலிசுக்குப் போவம் எண்டு காட்டுப்பக்கத்தாலை வெளிக்கிட்டம். ஆக்கள் வாற சத்தம் கேட்டுது. குளக்கட்டிலை ஒரு மருதமரம். அண்ணை என்னைத் தள்ளித் தள்ளி மேலை ஏத்தினவர். நான் இருந்த கொப்பு ரெண்டு பேரைத் தாங்காது. அவர் கீழ்க்கொப்பிலை இருந்தவர்.”

அப்பா பாயின் ஓரத்தை விரலால் மடித்தார்.

“பத்துப் பன்ரெண்டு பேர். கடந்து போயிட்டாங்கள். கடைசியாய் வந்தவன் ஒருத்தன் மரத்திலை சாஞ்சு பீடி பத்தவைச்சான். நிமிர்ந்தான். அண்ணையின்ரை காலைக் கண்டிட்டான். சிரிச்சுக்கொண்டு மற்றவங்களைக் கூப்பிட்டான், இந்தா இருக்கிறான் எண்டு. சின்னப்பிள்ளையள் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறமாதிரி.”

வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியை நான் கீழே இறக்கினேன்.

“இறங்கு எண்டாங்கள். அண்ணை இறங்கினவர். அவர் ஏறியிருக்கலாம். ஏறேல்லை. மேலை ஒருக்காக்கூடப் பார்க்கேல்லை. அவர் பார்த்திருந்தால் அவங்களும் பார்த்திருப்பாங்கள்.”

“பிறகு?” என்றார் அப்பா. ஏன் கேட்டாரோ.

“பிறகு எனக்கு நேர் கீழை. அடுத்தநாள் மத்தியானம் மட்டும் நான் இறங்கேல்லை. ஒரு சிங்களப் பொலிஸ்காரர்தான் வந்து இறக்கினவர். தன்ரை சேட்டைக் கழட்டி என்ரை தலையிலை போட்டார், நான் கீழை பார்க்காமல் இருக்க. பிறகு நாடா பிடிச்சு அளந்தவையள். ஒருத்தர் சொல்ல மற்றவர் எழுதினவர். அண்ணையின்ரை கொப்பு பத்தரை. என்ரை பதினெட்டு.”

உங்களுக்கு இப்படியான கதைகள் புதிதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு அது முதலாவது. பதினொரு வயதில், கையில் ரொட்டியோடு, மாடுகள் மேய்கிற ஒரு பச்சைப் புல்வெளியில் அதைக் கேட்டேன். அதன் பிறகு எத்தனையோ கேட்டுவிட்டேன். ஆனால் அந்த முதல் அடி இன்னும் ஆறவில்லை.

காரில் திரும்பும்போது பாதிவழியில் அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

“காய்ச்சல் எண்டு ஏன் சொன்னவை?”

“ஐயாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவர். உண்மையைச் சொன்னால், அந்த இரவு பொம்பிளைப்பிள்ளை எங்கை இருந்தவள் எண்டு கேப்பினமாம். கலியாணம் வராதாம்.”

இரண்டு கிழமை அப்பா அம்மாவோடு சரியாகப் பேசவில்லை. வெள்ளைக்காரன் முன்னால் சேலையைச் செருகிக்கொண்டு மரம் ஏறினதுக்குக் கோபம் என்று நான் நினைத்தேன். தன்னிடம் பொய் சொல்லிக் கலியாணம் செய்துவைத்ததற்குக் கோபம் என்று பின்னாளில் நினைத்தேன். இப்போது அவருடைய அன்றைய வயதையும் தாண்டி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்ட பிறகு வேறு தெரிகிறது. பதினான்கு வருடம் பக்கத்தில் இருந்த ஒரு மனுஷியைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்துவிட்டோமே என்ற வெட்கம் அது. அவர் ஆலோசித்துப் பார்க்காத கோணம் அந்தத் தாளில் ஒன்றுகூட இருக்கவில்லை. அம்மாவை மட்டும் பார்க்கவில்லை.

அங்கிளிடம் மன்னிப்புக் கேட்க அப்பா அடுத்தநாளே போனார். வேலியோரம் நின்று அம்மாவின் கதையைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அங்கிள் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “நான் கத்தியோடு கீழே நின்றேன்,” என்றார். அதையே இரண்டாம் தரமும் சொன்னார். உள்ளே போய்விட்டார். புல்லில் போட்ட வில்லை அவர் எடுத்துவர அடுத்த கிழமைதான் போனார். அதற்குள் மழை பெய்து, பசை விட்டு, மரமும் நாரும் தனித்தனியாகப் பிரிந்து கிடந்ததாம். பரணை அவர் பிறகு எந்த மரத்திலும் எந்த உயரத்திலும் கட்டவில்லை.

அம்மா தன் தகப்பனாருக்கு நீல வான்கடிதம் ஒன்று எழுதினார். அண்ணையின் திவசத்தைக் காய்ச்சலுக்கென்று சொன்ன நாளில் இனிச் செய்யவேண்டாம், உண்மையான நாளில் செய்வோம் என்று. பொய்க்காக நாளையும் மாற்றியிருந்தார்கள்! இறந்த மனிதருக்கு வருடா வருடம் பிழையான நாளில் படைத்திருக்கிறார்கள்.

மே மாதம் பதில் வந்தது. அப்பாதான் பிரித்து வாசித்தார். ‘பழைய கதையைக் கிளறாதே. மாப்பிள்ளைக்கு ஒருபோதும் தெரியவரக்கூடாது. பேத்திக்கும் நாளைக்குக் கலியாணம் காட்சி என்று இருக்கிறது.’

பேத்தி என்பது நான். எனக்குப் பால்பற்களில் ஒன்று இன்னும் விழாமல் இருந்தது.

அப்பா கடிதத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். உடனேயே பேனாவை எடுத்துப் பதில் எழுதினார். நான் தோளுக்கு மேலால் பார்த்தேன். இரண்டே வரி. ‘மாமா, மாப்பிள்ளைக்குத் தெரியும். உங்கள் மகன் தங்கச்சிக்காக இறங்கி வந்தவர் என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கோ.’ முகவரியை எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

உண்மையான நாள் அந்த மாதக் கடைசியில் வந்தது. ஐயர் இல்லை, கோயில் இல்லை. அம்மா மரக்கறியாகச் சமைத்தார். வாழை இலை இல்லாததால் வெள்ளைப் பீங்கானில் படைத்தார். வைக்கப் படமும் இல்லை. ஒரு விளக்கு மட்டும். அம்மாதான் அங்கிளையும் அன்ரியையும் கூப்பிட்டு வரச்சொன்னார். அங்கிள் தலையைத் தண்ணீர் போட்டு வாரி, கழுத்தில் ரையும் முழுக்கைச் சேட்டும் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சாப்பிட்டு முடிந்தது. அங்கிள் விளக்கைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்.

“அவருடைய பெயர் என்ன?”

எனக்குத் திடுக்கென்றது. நானும் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா பெயரைச் சொன்னார். நம்முடைய பெயர்தான், நீளமானது, நடுவில் ஒரு ழகரம். அதை இங்கே எழுதமாட்டேன். அது அவரிடம் இருக்கட்டும். அங்கிள் சொல்லிப் பார்த்தார். வாய்க்குள் நசிந்து வேறு ஏதோவாக வெளியே வந்தது. பரவாயில்லை என்பதுபோல அப்பா கையை உயர்த்தினார்.

அம்மா விடவில்லை. கதிரையை முன்னுக்கு இழுத்து, அங்கிளின் முகத்துக்கு நேரே இருந்து, நாக்கை எங்கே மடிக்கவேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினார். அந்தப் பெரிய மனிதர் முகம் சிவக்கச் சிவக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார். கிட்டத்தட்ட வந்ததும் அம்மா, “இன்னும் பலமாய்,” என்றார்.

அவர் பலமாகச் சொன்னார். குசினி யன்னல் திறந்து கிடந்தது. தெருவில் யாரோ ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார்.